விலங்கு மீட்புப் பணியில் தன்னார்வத் தொண்டும் நிதித் திரட்டலும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சாலையில் அடிபட்டுக் கிடக்கும் நாயையோ மாட்டையோ கண்டு மனம் இரங்கி, அதை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பவர்களுக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சமில்லை. ஆனால், அவ்வாறு கொண்டு சேர்க்கப்பட்ட விலங்குக்கு நாற்பதாவது நாளிலும் தீவனமும் மருந்தும் கிடைக்குமா என்பது வேறு வினா. முதல் நாள் பணியை இரக்கம் நடத்திவிடும். நாற்பதாவது நாள் பணியை நடத்துவதற்கு ஒழுங்கான வருவாயும், நேரம் தவறாமல் வந்து உழைக்கும் கைகளும் தேவை. விலங்கு மீட்புப் பணியைப் பொருளாதாரக் கண்ணோட்டத்தில் ஆராய்வோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே. இவ்வேறுபாட்டை உணராமல் தொடங்கப்படும் நல்ல முயற்சிகள் இரண்டொரு ஆண்டுகளில் தளர்ந்துவிடுகின்றன. சில சமயம், துன்பத்தைப் போக்கத் தோன்றிய இடமே துன்பத்தின் இருப்பிடமாகவும் மாறிவிடுகிறது.

இந்த ஆய்வுக்குச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1911-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து, 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரப் பிரதேச மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இப்பகுதியில், பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் போக்குவரத்து சித்தூர் வழியே செல்கிறது. திருமலைக்கு நாள்தோறும் பல்லாயிரம் அடியார்கள் வந்து போகின்றனர். வாகனங்கள் மிகுந்த இடத்தில் விலங்குகள் அடிபடுவதும், உணவுக் கழிவு மிகுந்த இடத்தில் தெருநாய்களும் ஆதரவற்ற மாடுகளும் பெருகுவதும் இயல்பு. அதே வேளையில், கொடை வழங்கும் பழக்கம் ஆழ வேரூன்றிய ஊர் திருப்பதி. தேவையும் கொடையுள்ளமும் ஒரே இடத்தில் அமைந்திருந்தும், இரண்டையும் இணைக்கும் அமைப்பு முறை இருந்தாலன்றிப் பயன் விளையாது என்பதை ஆராய இது தக்க களமாகும்.

சட்டமும் வரலாறும்

விலங்கு நலனுக்கான அமைப்புரீதியான முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1861-ஆம் ஆண்டிலேயே கொல்கத்தாவில் கோல்ஸ்வொர்த்தி கிரான்ட் என்பவரின் முயற்சியால் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. விடுதலைக்குப் பின், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அதன் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவரானார். நெடுங்காலம் சென்னையில் இயங்கிய இவ்வாரியத்தின் தலைமையகம் 2018-இல் அரியானா மாநிலத்தின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது.

1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பில் இடம்பெற்ற 51ஏ பிரிவு, உயிரினங்கள்பால் பரிவு காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. மாவட்டந்தோறும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் அமைப்பதற்கான விதிகள் 2001-இல் வெளியாயின. தெருநாய்களின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டுக்கென அதே ஆண்டில் வந்த விதிகளுக்கு மாற்றாக 2023 மார்ச்சில் புதிய விதிகள் வந்துள்ளன. இவற்றின்படி, கருத்தடைப் பணியின் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பைச் சார்ந்தது. வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்கள் வாயிலாக அது அப்பணியை மேற்கொள்ளலாம்.

சட்டம் கடமையை வரையறுத்துத் தருகிறது. அதை நிறைவேற்றும் ஆட்களையும் பணத்தையும் சட்டமே தந்துவிடுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது தன்னார்வத் தொண்டு. நமக்கு அண்மையிலுள்ள சென்னை நகரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1959-இல் விமானியான கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் தங்கள் இல்லத்திலேயே தொடங்கிய சிறு பணி, 1964-இல் இந்திய புளூ கிராஸ் என்னும் பதிவுபெற்ற சங்கமாக வளர்ந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே மாநகராட்சியின் வழக்கமாயிருந்த காலத்தில், கருத்தடையும் தடுப்பூசியுமே தீர்வு என அச்சங்கம் வலியுறுத்தியது. மாநகராட்சி அம்முறையை ஏற்பதற்கு 1990-களின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. முப்பது ஆண்டுக் காலம் ஒரு கோரிக்கையைக் கைவிடாமல் ஏந்தி நிற்க, தனிமனிதரின் உணர்ச்சியால் இயலாது. உறுப்பினர், சந்தா, கணக்கு, ஆண்டுப் பொதுக்குழு ஆகியவற்றை உடைய அமைப்பினாலேயே இயலும்.

வரவும் வெளியேற்றமும்

மீட்பு நிலையமொன்றின் பொருளாதாரத்தை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காக நாம் கொண்டவையே. ஒரு நிலையத்துக்கு மாதந்தோறும் 20 விலங்குகள் வருவதாகக் கொள்வோம். குணமாகித் தம் இடத்துக்குத் திரும்புபவை, வளர்ப்போரிடம் சேர்பவை, இறப்பவை எல்லாமாகச் சேர்ந்து 15 விலங்குகள் வெளியேறுகின்றன. எஞ்சும் ஐந்தும் நிலையத்திலேயே தங்குகின்றன. கால் இழந்தவை, பார்வை இழந்தவை, முதுமையடைந்தவை போன்றவற்றுக்குப் போக்கிடம் இல்லை. ஒரு விலங்குக்கு உணவுச் செலவு மட்டும் நாளொன்றுக்கு 40 ரூபாய் எனக் கொண்டால், மாதத்திற்கு 1,200 ரூபாய் ஆகும்.

நிலையத்தை ஆதரிப்போர் 500 பேர். ஒவ்வொருவரும் மாதம் 100 ரூபாய் தருகின்றனர். மாத வருவாய் 50,000 ரூபாய். தொடக்கத்தில் இது தாராளமான தொகையாகவே தோன்றும். ஒன்பதாம் மாத முடிவில் தங்கியிருக்கும் விலங்குகளின் எண்ணிக்கை 45. அவற்றின் உணவுக்கே மாதம் 54,000 ரூபாய் வேண்டும். ஆக, மருந்து, ஊதியம், வாடகை, எரிபொருள் ஆகிய எதையும் சேர்க்கும் முன்னரே சந்தா வருவாய் பற்றாமற் போகிறது. ஈராண்டு முடிவில் இருப்பு 120 ஆகும். யாரும் தவறு செய்யவில்லை. பணத்தை யாரும் கையாடவில்லை. ஆயினும் நிலையம் நெருக்கடியில் ஆழ்ந்துவிடுகிறது. இடமின்மையால் நோய் பரவுகிறது. நலமாக வந்த விலங்கும் நோயுறுகிறது. வருவதை மறுக்க மனமில்லாத நிருவாகி, உள்ளே இருப்பவற்றின் நலனைத் தம்மையறியாமலே பலியிடுகிறார்.

இக்கணக்கிலிருந்து இரண்டு பாடங்கள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு விலங்கை நிலையத்தில் ஏற்பது என்பது அதன் எஞ்சிய ஆயுளையே ஏற்பதாகலாம். இரண்டாவது, கொள்ளளவை முன்கூட்டியே வரையறுத்து அறிவிப்பது கொடுமையன்று. அதுவே பொறுப்புள்ள நிருவாகம்.

திருப்பதியிலேயே இதற்குச் சான்று உள்ளது. 1987-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவர விலங்கியல் பூங்காவில், சர்க்கஸ் நிறுவனங்களிடமிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களையும் புலிகளையும் பேணுவதற்கெனத் தனி மீட்பு மையம் அமைந்தது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்குவதை 1998-ஆம் ஆண்டு அறிவிக்கை தடை செய்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதிப்படுத்தியது. ஆணை பிறப்பித்தது ஒரு நாளில். அதன் விளைவாக மீட்கப்பட்ட விலங்குகளைப் பேணும் செலவோ அவற்றின் இறுதிக் காலம் வரை நீண்டது. அரசின் நிதியுதவி பின்னணியில் இருந்ததால்தான் அது இயன்றது. மக்களின் நன்கொடையை மட்டும் நம்பி இயங்கும் சிறு நிலையம் இத்தகைய நெடுங்காலப் பொறுப்பைப் பன்மடங்கு கவனத்தோடு ஏற்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

துயர் துடைத்தலும் காரணம் களைதலும்

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 53 லட்சம் தெருநாய்களும், 50 லட்சம் ஆதரவற்ற மாடுகளும் இருப்பதாகத் தெரிவித்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையை நிலையங்களில் வைத்துப் பேணுதல் எந்த அரசாலும் எந்தச் சங்கத்தாலும் இயலாது. எனவே, காயமுற்றவற்றுக்குச் சிகிச்சை அளிப்பதோடு, துயருக்கான காரணங்களைக் குறைக்கும் பணிகளையும் மீட்புப் பணியின் பிரிக்க முடியாத பகுதியாகக் கருத வேண்டும்.

இதற்கு ஆந்திரப் பிரதேசத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. புட்டபர்த்தியில் 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கருணா சொசைட்டி, மாடுகளின் வயிற்றை அறுத்துப் பல கிலோ எடையுள்ள நெகிழிப் பைகளை அகற்றும் அறுவைச் சிகிச்சைகளை மேற்கொண்டது. ஒரு மாட்டைக் காப்பாற்றி அனுப்பினாலும் குப்பைத் தொட்டியில் அதற்கு அதே நெகிழி காத்திருந்தது. ஆகவே அந்த அமைப்பு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. மருத்துவ மேசையில் கிடைத்த அனுபவம் பொதுக் கொள்கை பற்றிய வாதமாக மாறியதை இங்குக் காண்கிறோம்.

நாய்களைப் பொறுத்தவரை காரணம் களையும் பணி கருத்தடையும் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியும் ஆகும். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டிற்குக் குறையாமல் தடுப்பூசி போட்டால்தான் அந்நோயின் பரவல் சங்கிலி அறுபடும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நாய்வழிப் பரவும் இந்நோயை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021-இல் வெளியிடப்பட்டது. கருத்தடைப் பணியிலும் 70 விழுக்காட்டைக் குறிக்கோளாகக் கொள்வது வழக்கம்.

இங்குத்தான் நிதித் திரட்டலின் முக்கியமான சிக்கல் எழுகிறது. பாதிப் பணி செய்தால் பாதிப் பயன் கிட்டும் என்னும் விதி இதில் செல்லாது. 1,000 நாய்கள் உள்ள ஊரில் 300 நாய்களுக்கு மட்டும் கருத்தடை செய்து, பணமின்மையால் பணியை நிறுத்தினால், எஞ்சியவை ஈனும் குட்டிகள் சில ஆண்டுகளில் அக்குறைவை ஈடு செய்துவிடும். செலவழித்த தொகையின் பெரும்பகுதி வீணாகும். ஆகவே, பத்து வார்டுகளில் பரவலாகத் தொடங்குவதினும், இரண்டு வார்டுகளை முழுமையாக முடித்துவிட்டு மூன்றாவதற்குச் செல்வதே சிக்கனமான வழி.

நிதி ஆதாரங்கள்

அடிபட்ட விலங்கின் படம் எளிதில் பணம் திரட்டித் தரும். தடுப்பூசி போடப்பட்ட, நலமான நாயின் படம் எவர் மனத்தையும் உருக்குவதில்லை. எனவே மக்களின் கொடை இயல்பாகவே சிகிச்சையை நோக்கிச் செல்கிறது. தடுப்புப் பணி வறண்டு கிடக்கிறது. உயிரினங்களுக்கிடையிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டு. பசுவைப் பேணுவதற்குத் திருப்பதியில் தேவஸ்தானத்தின் கோசாலை உள்ளது. தலைமுறை தலைமுறையாக வந்த கோதானப் பழக்கமும் உள்ளது. நாய்க்கும் கழுதைக்கும் அத்தகைய அறக்கட்டளை மரபு இல்லை. இக்குறையை ஈடு செய்யுமாறு நிதியைப் பகிர்ந்தளிப்பதே நிருவாகக் குழுவின் கடமை.

நிதி ஆதாரங்களை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, மாதச் சந்தா. தொகை சிறிதாயினும் நிச்சயமானது என்பதால் உணவு, ஊதியம் போன்ற நடப்புச் செலவுகளை இதைக் கொண்டே நடத்த வேண்டும். இரண்டாவது, வேண்டுகோளுக்கு இணங்க வரும் ஒருமுறைக் கொடை. இதைக் கட்டடம், கருவிகள், காப்பு நிதி ஆகியவற்றுக்கு ஒதுக்குவது நலம். ஒருமுறைக் கொடையில் ஊர்தி வாங்கிவிட்டு, ஓட்டுநர் ஊதியத்துக்கும் எரிபொருளுக்கும் வழியின்றி அதை நிறுத்தி வைப்பது வீண் செலவேயாகும். மூன்றாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, வரையறுக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணையில் விலங்கு நலமும் இடம்பெற்றுள்ளது. திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீசிட்டி போன்ற தொழில் மையங்கள் இருப்பதால் இவ்வழி இங்குக் கருதத்தக்கது. நான்காவது, அரசு மானியமும், கருத்தடைப் பணிக்கு உள்ளாட்சி அமைப்பு வழங்கும் கட்டணமும் ஆகும். இவை பணி முடிந்த பின் வருபவையாதலால், இடைக்காலத்தைச் சமாளிக்கச் சில மாதச் செலவுக்கான இருப்பு கையில் இருத்தல் இன்றியமையாதது.

கொடையாளரின் நம்பிக்கையே இவை அனைத்திற்கும் அடிப்படை. சங்கத்தைப் பதிவு செய்தல், கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்துதல், ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வழங்குதல் ஆகியவை குறைந்தபட்ச ஒழுங்குகள். ஒரு குறிப்பிட்ட விலங்கின் பெயரால் திரட்டிய பணம் அதன் சிகிச்சைக்குப் போக எஞ்சினால், அது எதற்குச் செலவாகும் என்பதை வேண்டுகோளிலேயே தெரிவித்துவிட வேண்டும். மாதந்தோறும் நிலைய வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்து, வந்த விலங்குகள், குணமாகிச் சென்றவை, இறந்தவை, தங்கியிருப்பவை, வரவு, செலவு ஆகிய ஆறு எண்களை எழுதலாம். இறப்பு எண்ணிக்கையை மறைக்காத நிலையம் காலப்போக்கில் மக்களின் மதிப்பைப் பெறும்.

தொண்டர்களின் உழைப்பு

பணத்தைப் போலவே நேரமும் ஒரு வளம். அதற்கும் திட்டமிடல் வேண்டும். உணவிடும் பணிக்குப் பலர் வருவர். கூண்டு கழுவவும், இரவில் காவல் இருக்கவும், கணக்கு எழுதவும், அலுவலகங்களுக்கு நடந்து அனுமதி பெறவும் வருவோர் சிலரே. ஆர்வத்தோடு ஒருநாள் முழுதும் உழைத்துவிட்டு மறுமாதம் வராதவரைவிட, வாரந்தோறும் இரண்டு மணி நேரம் தவறாமல் வருபவரால் விளையும் பயன் அதிகம்.

திருப்பதி ஒரு கல்வி நகரமாக இருப்பது இவ்வகையில் பெரும் வாய்ப்பு. இங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1955-இல் தோன்றியது; 2005-இல் ஸ்ரீ வேங்கடேசுவர கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும் என்பது விதி. 50 மாணவர்கள் அதில் பாதி நேரத்தை, அதாவது 60 மணி நேரத்தை இப்பணிக்கு அளித்தால் ஆண்டுக்கு 3,000 மணி நேர உழைப்புக் கிடைக்கும். நாய்க் கணக்கெடுப்பு, தடுப்பூசி முகாம், வீடுதோறும் விழிப்புணர்வு ஆகியவற்றுக்கு இது போதுமானது. நாய்களைக் கையாளும் தொண்டர் அனைவருக்கும் வெறிநாய்க்கடி நோய்க்கு எதிரான முன்காப்புத் தடுப்பூசி போட்ட பின்னரே அவர்களைக் களத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தல் கூடாது.

மக்களின் அச்சத்தையும் மதித்தல்

விலங்கிடம் பரிவு காட்டுவோர், நாய்க்கடிக்கு அஞ்சும் தாய்மாரையும் முதியோரையும் எதிரிகளாகக் கருதலாகாது. 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் அவ்வாறு விடலாகாது என்றும், உணவிடுவதற்குத் தனி இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் முதலியவற்றிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்குமாறும், நெடுஞ்சாலைகளில் திரியும் கால்நடைகளை அப்புறப்படுத்துமாறும் பணித்தது. காப்பகத்தில் வைப்பது என்பது வாழ்நாள் செலவு என்பதை மேலே கண்டோம். ஆகவே, இத்தகைய ஆணைகளைச் செயல்படுத்தும் அலுவலர்கள், கட்டட மதிப்பீட்டோடு ஆண்டு நடப்புச் செலவின் மதிப்பீட்டையும் சேர்த்தே தயாரித்தல் வேண்டும். பிந்தியது இல்லாத திட்டம், சில மாதங்களில் பசித்த விலங்குகளின் கூடமாகிவிடும்.

முடிவுரை

சித்தூர், திருப்பதி போன்ற ஊர்களில் இப்பணி தழைப்பதற்கு மூவர் கைகோக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பு கழிவகற்றலையும் கருத்தடைக்கான கட்டணத்தையும் காலந்தவறாது கவனிக்க வேண்டும். கல்லூரிகள் அறிவையும் பயிற்சி பெற்ற கைகளையும் தர வேண்டும். பொதுமக்கள், தம்மால் இயன்ற சிறு தொகையை மாதந்தோறும் அளிப்பதோடு, அத்தொகைக்குக் கணக்குக் கேட்கும் உரிமையையும் தயங்காது பயன்படுத்த வேண்டும். புதிதாக ஒரு நிலையத்தைத் தொடங்க விரும்புவோர், எத்தனை விலங்குகளை ஏற்க இயலும், அவற்றை எத்தனை ஆண்டுகள் பேண இயலும் என்னும் இரு வினாக்களுக்கு எழுத்தில் விடை கண்ட பின்னரே முதல் விலங்கை உள்ளே கொண்டுவருதல் வேண்டும். அவ்வாறு செய்தால், சாலையோரத்தில் பிறந்த இரக்கம் நாற்பதாவது நாளிலும் பயன் தரும் என்பதில் ஐயமில்லை.